கேமராவுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. இனி ஐரோப்பிய மானியம் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, சிறுவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் ஜெர்மனிக்கு வந்தவன் நான். டோர்ட்முண்டுக்கு அருகே 14 பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை நடத்துகிறேன். இரும்புத் தகடுகளுக்குத் துத்தநாகம் பூசும் பட்டறைகளுக்குத் தானியங்கிக் கருவிகள் செய்து கொடுக்கிறோம். பூச்சில் விழும் குறைகளைக் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் கொண்டு கண்டுபிடிக்கும் மென்பொருளை இப்போது உருவாக்க நினைக்கிறோம். இரண்டு ஆண்டு வேலை, 4 லட்சம் யூரோ செலவு. பிரசல்ஸிலிருந்து 80 சதவீதத்தை இலவசமாக வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். அவருக்கு முன்பணம் 3,000 யூரோ, மானியம் கிடைத்தபின் அதில் 10 சதவீதம். போன மாதம் 38,000 யூரோவுக்குக் கேமராக்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டோம். அதையும் திட்டச் செலவில் சேர்க்கலாம் என்கிறார். 400 பேர் வேலை செய்யும் ஓர் உலோக வார்ப்பாலைக்கு எங்கள் நிறுவனத்தில் 30 சதவீதப் பங்கு உண்டு. விண்ணப்பிக்கலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தவை "போன மாதம்" என்ற இரண்டு சொற்கள். இருபது ஆண்டுகளாக மானியக் கணக்குகளோடு வாழ்கிறேன். அதில் சில ஆண்டுகள் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் மேசையில் இருந்தேன். நல்ல திட்டங்கள் தொழில்நுட்பத்தில் தோற்றதைவிட நாள்காட்டியில் தோற்றதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த ஆர்டரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 80 சதவீதம் எங்கிருந்து முளைத்தது என்று பார்ப்போம்.

ஆலோசகர் சொல்வது ஐரோப்பிய பிராந்திய வளர்ச்சி நிதியத்தைத்தான். ஜெர்மன்காரர்கள் அதைச் சுருக்கி எஃப்ரே என்பார்கள். 1975-இல் தொடங்கியது. 2021 முதல் 2027 வரையான காலத்துக்கு அதன் கையில் சுமார் 22,600 கோடி யூரோ இருக்கிறது. பெரிய தொகைதான். ஆனால் பிரசல்ஸில் யாரும் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கப் போவதில்லை. பணத்தை எந்த நோக்கங்களுக்குச் செலவிடலாம் என்பதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாக வகுக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தந்த நாடோ மாநிலமோ முடிவு செய்கிறது. உங்களைப் பொறுத்தவரை அந்தப் பொறுப்பு நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தின் பொருளாதார அமைச்சகத்திடம் இருக்கிறது. விண்ணப்பம் ஜெர்மன் மொழியில், மாநில அரசின் அறிவிப்பின்படி, மாநிலம் நியமித்த அமைப்பிடம் போகும். பிரசல்ஸில் ஆளைத் தெரியும் என்று யாராவது சொன்னால், காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சதவீதக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பிராந்தியத்தின் தனிநபர் உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அங்கே நடக்கும் திட்டங்களின் செலவில் 85 சதவீதம் வரை ஐரோப்பியப் பணமாக இருக்கலாம். 75-க்கும் 100-க்கும் இடையில் இருந்தால் பொதுவாக 60. சராசரிக்கு மேலே இருந்தால் பொதுவாக 40. மீதியை மாநிலமும் பயனாளியும் போட வேண்டும். இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் ரீயூனியன் தீவு, கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நிறைய வாழும் தீவு, பிரான்சின் பகுதி என்பதால் இதே நிதியத்தில் 85 சதவீத வரிசையில் நிற்கிறது. இந்த விகிதங்களெல்லாம் அரசுக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான கணக்கு. ஒரு கம்பெனி எவ்வளவு வாங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது வேறு சட்டம். அரசு உதவி பற்றிய விதி. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மாநிலம் ஏன் உங்களுக்குப் பணம் தர வேண்டும்? இதற்குப் பதில் தெரியாமல் எழுதப்பட்ட விண்ணப்பம் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஜெர்மனி போன்ற வசதியான நாடுகள், இந்த நிதியத்திலிருந்து தங்களுக்கு வரும் பணத்தில் குறைந்தது 85 சதவீதத்தை இரண்டே நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும்: ஆராய்ச்சி, புதுமை, டிஜிட்டல், சிறுதொழில் அடங்கிய முதல் நோக்கம், சூழலும் ஆற்றலும் அடங்கிய இரண்டாவது நோக்கம். முதல் நோக்கத்துக்குள் ஆராய்ச்சி உதவி வாங்க வேண்டும் என்றால் இன்னொரு வாசலும் உண்டு. ஒவ்வொரு பிராந்தியமும் தன் பலம் எது என்று தொழில்முனைவோரையும் பல்கலைக்கழகங்களையும் உட்காரவைத்துப் பேசி, சில துறைகளைத் தேர்ந்தெடுத்து எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தத் திட்ட ஆவணம் இல்லாமல் ஐரோப்பியப் பணம் அந்தத் தலைப்பில் வராது. எல்லா ஊரும் தகவல் தொழில்நுட்ப நகரமாக ஆசைப்பட்டுப் பணத்தை இறைத்த காலத்தில் சுட்டுக்கொண்ட விரல் இது. உங்கள் மாநிலத்தின் புதுமை ஆவணத்தில் புதிய பொருள்களும் அறிவார்ந்த உற்பத்தியும் ஒரு துறையாக இடம்பெற்றிருக்கிறது. உங்கள் வேலை அதற்குள் இயல்பாக உட்காருகிறது. விண்ணப்பத்தில் அந்த ஆவணத்தின் சொல்லையே எடுத்து ஆளுங்கள்.

இந்தப் பணத்தால் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். செக் நாட்டின் ஒஸ்ட்ராவாவுக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் ரூர் பகுதியைப் போலவே நிலக்கரியும் எஃகும் வளர்த்த நகரம். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐடி4இன்னொவேஷன்ஸ் என்ற தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் மையம் இந்த நிதியத்தின் பணத்தில் எழுந்தது. 2013-இல் அன்செல்ம், 2015-இல் சாலமோன், 2021-இல் கரோலினா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கணினிகள் வந்தன. சாலமோன் வந்தபோது உலகத்தின் மிக வேகமான நூறு கணினிகளுக்குள் இருந்தது. ஒன்றியத்தை விட்டுப் போய்விட்ட பிரிட்டனிலும் இதன் தடம் இருக்கிறது: மான்செஸ்டரில் 2015-இல் திறந்த தேசிய கிராஃபீன் நிறுவனத்தின் 6.1 கோடி பவுண்டு செலவில் 2.3 கோடி இந்த நிதியத்தினுடையது. கட்டடமும் கருவியும் வாங்க இந்தப் பணம் மிக வசதியானது. 14 பேர் உள்ள ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்து மென்பொருள் எழுத, அதே பணம் அவ்வளவு வசதியானது அல்ல. இதை எந்த ஆலோசகரும் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன்.

இப்போது கேமராவுக்கு வருவோம்.

அரசு உதவி விதியில் ஊக்க விளைவு என்று ஒரு கருத்து இருக்கிறது. மானியம் இல்லாவிட்டாலும் நீங்கள் செய்திருப்பீர்கள் என்றால் அரசு ஏன் தர வேண்டும் என்பது அதன் சாரம். இதை நிரூபிக்க விதி கேட்பது ஒன்றே ஒன்று: வேலை தொடங்குவதற்கு முன்பு எழுத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும். வேலை தொடங்குவது என்றால் பட்டறையில் சுவிட்சைப் போடுவது என்று நம்மவர் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில், கருவிக்கு நீங்கள் கொடுக்கும் முதல் கட்டுப்படுத்தும் ஆர்டரே தொடக்கம். சாத்தியக்கூறு ஆய்வும் அனுமதி வாங்குவதும் தொடக்கமாகக் கருதப்படுவதில்லை. கொட்டேஷன் வாங்குவது யாரையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்திட்ட ஆர்டர் கட்டுப்படுத்தும். அதன்பின் விண்ணப்பித்தால் அந்த 38,000 மட்டும் கழிந்து போகாது, 4 லட்சத் திட்டம் முழுவதும் தகுதி இழக்கும். பாலில் ஒரு துளி மோர் விழுந்த கதை.

மாநில விதிகள் பல நேரங்களில் இதைவிடக் கறாராக இருக்கும். விண்ணப்பித்தால் மட்டும் போதாது, ஒப்புதல் கடிதம் கையில் வரும் வரை தொடங்காதே என்பார்கள். அவசரம் என்றால் முன்கூட்டியே தொடங்க அனுமதி கேட்கலாம். அனுமதி கிடைத்தாலும் அது மானியம் உறுதி என்ற அர்த்தமில்லை. தொடங்குவதால் மட்டும் உங்களைத் தள்ளமாட்டோம் என்பதுதான் அது.

உங்கள் ஆலோசகர் "அதையும் சேர்த்துக் காட்டலாம்" என்று சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. காட்டினால் என்ன ஆகும் தெரியுமா? மானியம் முதலில் கிடைத்தும் விடலாம். இரண்டு, மூன்று ஆண்டு கழித்துத் தணிக்கையாளர் வருவார். விலைப்பட்டியல்களைத் தேதி வாரியாக அடுக்கச் சொல்வார். அந்த ஒரு தாள் மேலே வந்து உட்காரும். அப்படி ஒரு மேசையில் ஒருமுறை நானும் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த நிறுவன உரிமையாளர் நேர்மையானவர். இயந்திரத்துக்கு விலை ஏறிவிடும் என்று பயந்து விண்ணப்பத்துக்கு ஒன்பது நாள் முன்பு ஆர்டர் போட்டிருந்தார். வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டினார். ஒன்பது நாள்.

வார்ப்பாலையின் 30 சதவீதப் பங்கு அடுத்த முடிச்சு. 14 பேர் இருப்பதால் நீங்கள் உங்களைச் சிறு நிறுவனம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஐரோப்பிய வரையறையில் 50 பேருக்குக் கீழும், விற்றுமுதல் (ஆண்டு விற்பனை வரவு) அல்லது இருப்புநிலை (ஆண்டிறுதிக் கணக்கின் மொத்தச் சொத்து) 1 கோடி யூரோவுக்கு உள்ளும் இருந்தால் சிறு நிறுவனம். 250 பேருக்குக் கீழும் விற்றுமுதல் 5 கோடி அல்லது இருப்புநிலை 4.3 கோடிக்கு உள்ளும் இருந்தால் நடுத்தர நிறுவனம். ஆனால் இன்னொரு நிறுவனம் உங்களில் 25 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் அது உங்கள் பங்காளி நிறுவனம். அதன் ஆட்களிலும் விற்றுமுதலிலும் இருப்புநிலையிலும் அதே விகிதத்தை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். 400 பேரில் 30 சதவீதம் 120. உங்கள் 14-ஐச் சேர்த்தால் 134. நீங்கள் இப்போது நடுத்தர நிறுவனம். வார்ப்பாலையின் விற்றுமுதலிலும் இருப்புநிலையிலும் 30 சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள்; இரண்டுமே மேல் எல்லையைத் தாண்டினால் நடுத்தர வகையிலும் நிற்க முடியாது. அந்த வார்ப்பாலையே இன்னொரு பெரிய குழுமத்துக்குச் சொந்தம் என்றால் 400 என்ற எண்ணும் சரியில்லை. அவர்களுடைய கணக்கை எழுதுகிறவரிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

இது வெறும் பெயர்ப்பலகைச் சங்கதி இல்லை. ஆராய்ச்சி உதவியில் தொழில்சார் ஆராய்ச்சிக்கு அடிப்படை வரம்பு 50 சதவீதம், சோதனை வளர்ச்சிக்கு 25. தொழில்சார் ஆராய்ச்சி என்றால் இது ஆகுமா ஆகாதா என்றே தெரியாத கட்டம். சோதனை வளர்ச்சி என்றால் ஆகும் என்று தெரிந்தபின் முன்மாதிரி செய்து தேய்த்து மெருகேற்றும் கட்டம். நடுத்தர நிறுவனத்துக்கு இதன்மேல் 10 புள்ளி, சிறு நிறுவனத்துக்கு 20 புள்ளி. பல்கலைக்கழகம் போன்ற ஆராய்ச்சி நிறுவனத்தோடு உண்மையாகக் கூட்டுச் சேர்ந்தால், அது மொத்தச் செலவில் குறைந்தது 10 சதவீதத்தைத் தாங்கி, தன் முடிவுகளை வெளியிடும் உரிமையும் வைத்திருந்தால், இன்னும் 15 புள்ளி. எப்படிக் கூட்டினாலும் 80-க்கு மேல் போகாது. உங்கள் ஆலோசகரின் 80 இங்கிருந்துதான் வந்திருக்கிறது: சிறு நிறுவனம், பல்கலைக்கழகக் கூட்டு, அதுவும் ஆராய்ச்சிக் கட்டம் மட்டும். மூன்றும் ஒன்றாக வாய்க்கும்போது கிடைக்கும் உச்சத்தை அவர் சராசரியாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் 4 லட்சத்தை ஆராய்ச்சிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம், வளர்ச்சிக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் என்று பிரித்ததாக வைத்துக்கொள்வோம். சிறு நிறுவனமாக, பல்கலைக்கழகத்தோடு போனால் உச்சம் 2 லட்சத்து 72 ஆயிரம். நடுத்தர நிறுவனமாக, பல்கலைக்கழகத்தோடு போனால் 2 லட்சத்து 40 ஆயிரம். நடுத்தரமாகத் தனியே போனால் 1 லட்சத்து 80 ஆயிரம். அதாவது 45 சதவீதம். இவை சட்டம் அனுமதிக்கும் மேல் எல்லைகள். மாநிலம் தன் அறிவிப்பில் இதைவிடக் குறைவாக வைக்கலாம், பெரும்பாலும் வைக்கும். 80-ஐ மனத்தில் வைத்து வீட்டில் பேசியிருந்தால், இன்று இரவே அந்த எண்ணைத் திருத்திவிடுங்கள்.

இன்னும் ஒரு கதவைத் தட்டிப் பாருங்கள். உங்கள் நிறுவனம் ஜிஎம்பிஹெச் (ஜெர்மனியின் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவன வகை) என்றும், மூலதனம் வழக்கமான 25,000 யூரோ என்றும் எடுத்துக்கொள்கிறேன். சேர்ந்துவந்த நட்டத்தைக் கையிருப்புகளிலிருந்தும் சொந்த நிதியின் மற்ற இனங்களிலிருந்தும் கழித்தபின், பற்றாக்குறை மூலதனத்தில் பாதியை, அதாவது 12,500 யூரோவைத் தாண்டியிருந்தால், சட்டம் உங்களை நெருக்கடியில் உள்ள நிறுவனம் என்று வகைப்படுத்தும். மூன்று ஆண்டுக்கு உட்பட்ட இளம் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. உங்களுடையது அதைவிடப் பழையது என்றால் உங்களுக்கு இல்லை. நெருக்கடி முத்திரை விழுந்தால் மானியப் பேச்சே இல்லை. நல்ல ஆர்டர்களோடு ஓடும் நிறுவனங்கள்கூட ஒரு மோசமான ஆண்டின் நட்டத்தைச் சுமந்துகொண்டு இதில் மாட்டியிருக்கின்றன. கடைசி இருப்புநிலைக் குறிப்பை எடுத்துக் கணக்காளரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

இவையெல்லாம் சரியாக வந்தன என்று வைத்துக்கொள்வோம். பணம் எப்போது வரும்? நம்மவர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் பணம், பிறகு வேலை என்று நினைக்கிறோம். இது தலைகீழ். நீங்கள் சம்பளம் கொடுத்து, விலைப்பட்டியலுக்குப் பணம் கட்டி, வங்கிச் சான்றோடு கேட்பு மனு போட்ட பிறகுதான் பணம். கேட்பு மனு போட்டதிலிருந்து 80 நாளுக்குள் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ஒரு தாள் குறைந்தால் அந்தக் கடிகாரத்தை அவர்கள் நிறுத்தி வைக்கலாம். 24 மாதத்தில் 4 லட்சம் என்றால் மாதம் சுமார் 16,700. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டால் 1 லட்சம் வெளியே போயிருக்கும். பணம் வர இன்னொரு 80 நாள் என்றால் மேலும் 45,000 வரை. முதல் யூரோ உள்ளே வருவதற்கு முன் 1 லட்சத்து 45 ஆயிரம் உங்கள் கணக்கிலிருந்து போயிருக்கும். அது வங்கிக் கடனாக இருந்தால் அந்த வட்டியை மானியக் கணக்கில் எழுத முடியாது. விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் வங்கி அதிகாரியைப் பாருங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

சம்பளக் கணக்கில் 1,720 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய ஆண்டு மொத்த ஊதியச் செலவை 1,720 மணி நேரத்தால் வகுத்து மணிக்கூலி காண்பது ஐரோப்பிய விதியில் உள்ள எளிய வழி. உங்கள் மூத்த நிரலாளருக்கு ஆண்டுக்கு 68,800 யூரோ ஆகிறது என்றால் மணிக்கு 40. சில மாநிலங்கள் வேலைத் தரவரிசைப்படி தாங்களே ஒரு மணிக்கூலி அட்டவணை வைத்திருக்கும். அப்படியானால் அதுதான் செல்லும். எது ஆனாலும் யார், எந்த நாள், எத்தனை மணி என்ற நேரத்தாள் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் மாதம் முழுவதற்கும் ஒரே பேனாவால் நிரப்பிய நேரத்தாளை நான் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பேன். தணிக்கையாளருக்கு அரைப் பார்வை போதும். நிரலாளர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த வாரத்திலும் எட்டு மணி நேரம் எழுதியிருப்பார்கள். நல்லூர்த் திருவிழாப் படங்கள் முகநூலில் இருக்கும்.

சுவரில் ஓர் அறிவிப்பும் ஒட்ட வேண்டும். உங்கள் அளவுத் திட்டத்துக்கு ஏ3 தாளில், ஐரோப்பியக் கொடியோடு, பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில். அலட்சியமாக விட்டால் மானியத்தில் 3 சதவீதம் வரை பிடிக்கலாம். 2 லட்சத்து 40 ஆயிரத்தில் 3 சதவீதம் 7,200 யூரோ. உலகத்திலேயே விலை உயர்ந்த சுவரொட்டி.

இவ்வளவு சொல்லிவிட்டு விண்ணப்பிக்காதே என்றா சொல்கிறேன்? இல்லை. வேலையை இரண்டாக வெட்டுங்கள் என்கிறேன்.

ஆர்டர் போட்ட கேமராக்களையும் அவற்றைக் கொண்டு இப்போது செய்யும் முதல் சோதனைகளையும் எஃப்ரே பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதற்கு ஜெர்மனியில் வேறு வழி இருக்கிறது: ஃபோர்ஷுங்ஸ்சுலாகே என்ற ஆராய்ச்சி வரிச்சலுகை. 2020 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ளது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2024 மார்ச் இறுதியிலிருந்து தகுதியான செலவில் 35 சதவீதம். போட்டி கிடையாது, நடுவர் குழு கிடையாது. தகுதி இருந்தால் உரிமை. முக்கியமாக, தொடங்கிய பிறகும் கேட்கலாம். இது ஆராய்ச்சிதான் என்று அதற்கென உள்ள சான்றளிப்பு அமைப்பிடம் முதலில் சான்று வாங்கி, பிறகு வரி அலுவலகத்தில் கேட்க வேண்டும். வரி கட்ட வேண்டியதைவிடச் சலுகை அதிகமானால் மீதி கையில் வரும். சம்பளத்தோடு, 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு ஆராய்ச்சிக்காக வாங்கிய கருவிகளின் தேய்மானத்தையும் இதில் எழுத முடியும். மெதுவான பணம், ஆனால் உறுதியான பணம். இதை உங்கள் ஆலோசகர் சொல்லாததற்குக் காரணம் 10 சதவீதத்துக்குள் அது சரியாக அடங்காதது என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் அவர் மன்னிக்கட்டும்.

எஃப்ரேக்கு எடுத்துப் போக வேண்டியது அடுத்த கட்டம். முதல் சோதனைகள் முடியும்போது எங்கே திணறுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தத் திணறல்தான் உங்கள் திட்டம். அதற்கு ஒரு புதிய தொடக்கம், புதிய வேலைப்பட்டியல், புதிய செலவு. பழையதை இரண்டாக நறுக்கிப் புதியதென்று காட்டுவதைச் சொல்லவில்லை, அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முன்பு நடந்ததை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்: எங்கள் சொந்தப் பணத்தில் இந்தக் கேமராக்களை வாங்கி இதுவரை இவ்வளவு கண்டோம், இதற்குமேல் தனியே போகத் துணிவு இல்லை. நடுவர்களுக்கு அது பலமாகவே படும். ஒரே செலவை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது என்பதை மட்டும் கணக்காளரிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

எழுதும் விதம் பற்றி ஒன்று. நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த வரைவில் "செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தி உலகத் தரமான தீர்வை உருவாக்குவோம்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை ஒரு பிற்பகலில் பத்துத் தடவை படித்திருக்கிறேன். அதே வரைவின் நான்காம் பக்கத்தில், ஓர் அடிக்குறிப்பு போல, துத்தநாகப் பூச்சின் பளபளப்பில் விளக்கொளி பட்டுத் தெறிப்பதால் கேமராவுக்குக் கீறலும் மினுக்கமும் ஒன்றாகத் தெரிகின்றன, அதனால் நல்ல தகட்டையும் கழித்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தூக்கி முதல் பக்கத்தில் வையுங்கள். நூறு தகட்டில் எத்தனை நல்ல தகடு வீணாகக் கழிகிறது, அதில் பட்டறைக்காரருக்கு எவ்வளவு நட்டம், விளக்கின் கோணத்தை மாற்றியும் சந்தையில் உள்ள மென்பொருளை வாங்கிப் போட்டும் ஏன் தீரவில்லை, இவற்றை எண்களோடு எழுதுங்கள். தோற்றுப்போக வாய்ப்பு எங்கே இருக்கிறது என்றும் எழுதுங்கள். ஆராய்ச்சி உதவி என்பது நிச்சயமற்றதற்குத் தரும் பணம். எல்லாம் நிச்சயம் என்று எழுதினால், அப்படியானால் வங்கியில் கடன் வாங்குங்கள் என்றுதான் நடுவர் நினைப்பார்.

பல்கலைக்கழகக் கூட்டுக்கு டோர்ட்முண்டிலேயே ஆள் இருக்கிறார்கள், வெகுதூரம் போக வேண்டாம். ஆனால் 15 புள்ளிக்காக மட்டும் ஒரு பேராசிரியரைச் சேர்க்காதீர்கள். அவர் வெளியிடும் கட்டுரையில் உங்கள் போட்டியாளர் படிக்கப் போவது எது என்பதை ஒப்பந்தத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய டிஜிட்டல் புதுமை மையங்கள் என்று ஒரு வலையமைப்பும் இருக்கிறது. முதலீடு செய்வதற்கு முன் சோதித்துப் பார்க்க உதவுவதே அவற்றின் வேலை. உங்கள் தகடுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு ஒரு நாள் போய் வாருங்கள்.

அலுவலக மென்பொருள், சர்வர், இணையக் கடை போன்றவற்றை இந்தத் திட்டத்துக்குள் நுழைக்கும் ஆசை வேண்டாம். அவை வாங்குகிற பொருள்கள், உருவாக்குகிற பொருள் அல்ல. அவற்றுக்கு மாநிலங்கள் அவ்வப்போது சிறு உதவிகள் தரும். அவை பெரும்பாலும் மூன்று ஆண்டில் 3 லட்சம் யூரோ என்ற சிற்றுதவி வரம்புக்குள் வரும். தேவை என்றால் வாங்குங்கள், மானியத்துக்காகக் காத்திருந்து ஆறு மாத வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, 2021 முதல் 2027 வரையான இந்த நிதிப் பருவத்தின் செலவுகள் பொதுவாக 2029 டிசம்பர் 31-க்குள் கட்டி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் 24 மாதத்தையும் ஒப்புதலுக்கு ஆகும் காலத்தையும் அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அடுத்த பருவத்துக்கு, பல நிதியங்களைச் சேர்த்து நாட்டுக்கு ஒரே திட்டமாக்கும் யோசனையை ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்தது. அதை நம்பி இன்றைய வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆலோசகருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். அவரை வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. இந்தக் காகித வேலை கடினமானது, நல்ல ஆலோசகர் தன் கூலிக்குத் தகுதியானவர். ஆனால் ஆர்டரையும் பங்குரிமையையும் பற்றி முதல் சந்திப்பிலேயே கேட்காதவருக்கு வேலை தெரியவில்லை, தெரிந்தும் பேசாமல் இருந்தால் அதைவிட மோசம். விண்ணப்பம் எழுதும் கட்டணத்தைத் திட்டச் செலவில் காட்டலாம் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். மாநிலத்தின் மானிய அமைப்பு முதல் ஆலோசனையை இலவசமாகவே தருகிறது. இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் பேசுங்கள். அவர்கள் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி, இப்படித்தானே சொன்னீர்கள் என்று உறுதி கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. கேமரா விற்பனையாளரோடு நடந்த கடிதப் போக்குவரத்தை எடுத்து வையுங்கள். நீங்கள் அனுப்பியது கையெழுத்திட்ட ஆர்டரா, விலை கேட்ட மின்னஞ்சலா? அவர்கள் ஏற்றுக்கொண்டு உறுதிக் கடிதம் அனுப்பினார்களா? எந்தத் தேதியில்? செலவில்லாமல் ரத்து செய்யும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறதா? ஆர்டர் கொடுத்துவிட்டோம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தொழிலில் நாம் வாயால் சொல்லும் ஆர்டரும் சட்டம் சொல்லும் ஆர்டரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அந்தத் தாளில் இருப்பதை அப்படியே எனக்கு எழுதுங்கள். மேலே சொன்னதில் பாதி அதைப் பொறுத்து மாறலாம்.